யமஹா ஆர்.எக்ஸ். 100

ஜப்பானின் யமஹாவும் இந்தியாவின் எஸ்கார்ட்ஸ் நிறுவனமும் தொழில்நுட்பக் கூட்டு வைத்து, 1985 முதல் 1996 வரை இந்தியாவில் விற்ற டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். எஞ்சின் வெறும் 98 சிசி. ஆனாலும் தமிழ்நாட்டில் பழைய பைக் தேடுவோர் பலர் முதலில் கேட்கும் பெயர் இதுதான்.

தோற்றம்: 1980களின் தொடக்கம் வரை இந்தியச் சாலைகளில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் புல்லட், ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத் ஆகியவையே. ஜப்பானியக் கூட்டுக்கு அரசு வழிவிட்டதும் காட்சி மாறியது. ஓசூரில் தயாரான இந்த்-சுசூகி ஏ.எக்ஸ். 100 1984இல் வந்தது. அடுத்த ஆண்டு ஹீரோ ஹோண்டா சி.டி. 100, ஆர்.எக்ஸ். 100 இரண்டும் களமிறங்கின. ஹோண்டா மைலேஜைச் சொல்லி விற்றது. யமஹாவை பிக்கப்புக்காக வாங்கினார்கள்.

இயக்கம்: ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு முறை சுற்றினால்தான் ஒருமுறை எரிபொருள் வெடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். அதனால்தான் இந்தச் சிறிய எஞ்சின் 11 குதிரைத்திறன் தந்தது. வண்டியின் எடையோ சுமார் 100 கிலோ. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் உள்ள ரீட் வால்வு எரிபொருள்-காற்றுக் கலவை திரும்பி வராமல் தடுப்பதால், குறைந்த வேகத்திலும் இழுவை குன்றாது. ஆக்சிலேட்டரைத் திருகிய கணமே முன்னே பாயும் அந்தச் சுறுசுறுப்பும், சைலன்சரின் தனிச் சத்தமும் ஓட்டியவர்களை இன்றும் விடவில்லை.

ஆனால் எரியாமல் தப்பிய எரிபொருளும் எண்ணெய்ப் புகையுமே இந்த வண்டிக்கு முடிவும் கட்டின. 1996இல் புகை விதிகள் இறுகியதும் உற்பத்தி நின்றது.

விழுப்புரம், திண்டிவனத்தில் பழைய ஆர்.எக்ஸ். 100 வாங்கும்போது: சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்த இவ்வூர்கள் 1993 வரை தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. இன்று விழுப்புரத்தின் பதிவுக் குறி டி.என். 32, திண்டிவனத்தின் குறி டி.என். 16. பக்கத்துப் புதுச்சேரியில் பதிவான வண்டியை வாங்கினால், என்.ஓ.சி. பெற்று, தமிழ்நாட்டு வரி கட்டி, புதிய எண் வாங்க வேண்டும். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

சட்டநிலை: சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2021 மத்திய விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டியே விண்டேஜ். ஆகவே முதல் ஆர்.எக்ஸ். 100க்கும் அந்தத் தகுதி 2035இல்தான் கிடைக்கும். எஞ்சினையோ சேஸிஸையோ பெரிதாக மாற்றிய வண்டிக்கு அப்போதும் கிடைக்காது.