"எங்கட சனம்": புலம்பெயர் அடையாளமும் போர் அறமும்

2009 ஏப்ரலில் தென் லண்டனின் மிச்சம் ஈஸ்ட்ஃபீல்ட்ஸ் ரயில் நிலையம் திறந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அங்கிருந்து விக்டோரியா வரை ரயில், பிறகு நாடாளுமன்றச் சதுக்கத்துக்கு நடை. ஏப்ரல் 6 முதல் ஜூன் 17 வரை 73 நாள் அங்கே தமிழர் கூடிநின்றனர். இலங்கையில் போர் கடைசிக் கட்டத்தில் இருந்தது; வன்னிக்கு எடுத்த அழைப்புகள் போய்ச் சேரவில்லை. தெருவுக்கு வராதவர்களையும் அன்று தெருவுக்குக் கொண்டுவந்தவை இரண்டே சொற்கள்: "எங்கட சனம்".

நாமாகத் தேர்ந்தெடுக்காத அடையாளம் நம்மைக் கட்டுப்படுத்தாது என்போர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. தாயையும் நாம் தேர்ந்தெடுத்ததில்லை. சனத்துக்கு நாம் பட்ட கடன் மெய்யானது. ஆனால் அந்தக் கடனை வசூலிக்கும் உரிமை யாருக்கு?

பல ஆண்டுகளாக அதை விடுதலைப் புலிகள் இயக்கம் தன் பெயரில் எழுதிக்கொண்டது. காசு சேர்க்க வந்தவருக்கு நம் ஊரும் தெரியும், அங்கே மிஞ்சியிருந்த உறவுகளும் தெரியும். தேநீர் கொடுத்து உபசரித்த வீட்டில், அந்த விசாரிப்பு அன்பா எச்சரிக்கையா என்று பிரித்தறிய முடியாது. பிரித்தானியா விடுதலைப் புலிகளைத் தடைசெய்தது 2001இல். 2006இல் வந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை, கனடாவில் ஒரு குடும்பத்திடம் 2,500 முதல் 5,000 டாலர் வரை நெருக்கிக் கேட்கப்பட்டதைப் பதிவுசெய்தது. லண்டன் நிலைமையையும் பேசியது. மனமுவந்து கொடுத்தவர்களும் ஏராளம். அஞ்சிக் கொடுத்தவர்மேல் பழி இல்லை. அதேபோல், அச்சத்தால் கடமையும் பிறப்பதில்லை.

சனமும் இயக்கமும் ஒன்றல்ல என்பது போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் வெளிப்பட்டது. ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கைப்படி, கடைசிக் கட்டத்தில் பெரும்பாலான பொதுமக்களைக் கொன்றது அரசின் எறிகணை வீச்சு. பாதுகாப்பு வலயங்களும் மருத்துவமனைகளும் தப்பவில்லை. இறந்தோர் 40,000 வரை இருக்கலாம். அதே அறிக்கை, புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் சொல்கிறது. போரின் காரணம் நியாயமாக இருப்பது ஒன்று, போரிடும் முறை நியாயமாக இருப்பது வேறு என்று அரசியல் மெய்யியலாளர் மைக்கேல் வால்சர் 1977இல் வகுத்துக் காட்டினார். நமக்கு இது புதிதல்ல. போருக்கு முன் பெண்டிரையும் நோயாளரையும் அரண் தேடிப் போகச் சொல்லும் மரபை சங்கப் புலவர் நெட்டிமையார் புறநானூற்றில் வைத்திருக்கிறார்.

புலிகளின் குற்றத்தைப் பேசினால் அரசின் குற்றம் நீர்த்துப்போகும் என்பது வலுவான ஆட்சேபம். இரு தரப்பின் குற்றமும் ஒரே அளவல்ல. ஒரே அளவென்று யாரும் சொல்லவும் வேண்டாம். ஆனால் சனத்துக்காகப் பேசுகிறோம் என்றால், அந்தச் சனத்தைச் சுட்டவர் யாரானாலும் அதைச் சொல்லியாக வேண்டும்.

சொல்ல வேண்டியது நம் சனத்தோடு முடிவதில்லை. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணிநேரம். "நான் அப்பவே லண்டனுக்கு வந்திட்டன், எனக்கும் அதுக்கும் என்ன?" என்று ஒருவர் கேட்டால், குற்றம் அவருடையதல்ல என்பது சரியே. ஆனால் 2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் புலிகளிடம் விழுந்தபோதும் அவர் லண்டனில்தான் இருந்தார். அன்று அவர் வாயில் வந்தது, "நாங்கள் பிடிச்சிட்டம்". அந்த "நாங்கள்" பத்தாண்டு முந்திய அக்டோபருக்கும் பொருந்தும். பெருமையில் பங்கு கேட்பவர் வெட்கத்திலும் பங்கு ஏற்க வேண்டும். மனித உரிமைச் செயற்பாட்டாளர் ராஜனி திராணகம அப்படித்தான் தமிழராக நின்று எல்லா ஆயுததாரிகளையும் கேள்வி கேட்டார். 1989 செப்டம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இணைந்து எழுதிய 'முறிந்த பனை' அதற்குப் பிறகே நூலாக வந்தது.

2021 மார்ச்சில் நிறைவேறிய, இலங்கை குறித்த 46/1 தீர்மானத்தின்படி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சாட்சியங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறது. முள்ளிவாய்க்கால் கடற்கரையிலிருந்து மீண்டு, இன்று லண்டன் மிச்சத்தில் ஓர் அடுக்குமாடியில் வாழும் தாயொருத்தியை எண்ணிப்பாருங்கள். எறிகணை எங்கிருந்து வந்தது என்று சொல்லும்போது அவளைச் சூழ்ந்திருந்து கேட்கிறோம். களப்பைக் கடக்க இறங்கியபோது பின்னாலிருந்து சுட்டது யார் என்று அவள் தொடங்கும்போது, "அதை விடுங்கோ அக்கா" என்று குறுக்கே பேசாதிருப்பதும் அவளுக்கு நாம் பட்ட கடன்தான்.