ஈயக்குட்டைக்குள் ஒரு பொந்தியானாக்

என் ஆயா பார்த்த பேய்ப்படத்தை இனி யாரும் பார்க்க முடியாது. அதன் பிரதி ஒன்றுகூட இருப்பதாகத் தெரியவில்லை.

குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் சுண்ணாம்புக் குன்று எதிரே நிற்கும். கரண்டு போன இரவுகளில் ஆயா அந்தப் படத்தின் கதையைச் சொல்வார். 1957இல் கம்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர் பால்வெட்டிக்கொண்டிருந்தார். வயது பதினாறு. லயத்துக்கு முன்னால் இருந்த திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டார்களாம். அப்போது அவசரகாலம் முடிந்திருக்கவில்லை.

"அழகான பொம்பளடா. புள்ளத்தாச்சியா செத்துப்போயிட்டா. செத்தவள சும்மா பொதைச்சிட்டானுங்க. ஒரு சுமைதாங்கி வெச்சிருந்தா அவ ஏன் எந்திரிச்சி வரப்போறா? பொடனியில ஆணி அடிச்சா பொம்பள. புடுங்குனா பேயி."

சுமைதாங்கியை நான் தமிழ்நாட்டில்தான் முதன்முதலில் பார்த்தேன். இரண்டு நடுகல், மேலே ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு நடப்பவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைக்கும் உயரம். கர்ப்பிணியாக இறந்தவளின் நினைவாக இதை வழியோரத்தில் நிறுத்துவார்கள். அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமையை, ஊரார் சுமை இறக்க இறக்க அவளும் இறக்கிவைப்பாள் என்பது நம்பிக்கை. ஒரு மலாய்ப் படத்துக்குள் இந்தக் கல் எப்படி வந்தது?

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது தேடிப் பார்த்தேன். படத்தின் பெயர் 'பொந்தியானாக்'. கேத்தே-கெரிஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. 1957 ஏப்ரல் 27இல் சிங்கப்பூர் கேத்தே திரையரங்கில் வெளியானது. பெரும்பாலும் ஆங்கிலப் படங்கள் ஓடிய அந்த அரங்கில் ஏறத்தாழ மூன்று மாதம் ஓடியது. கான்டனீஸில் குரல் மாற்றியும் திரையிட்டார்கள். மெர்டேக்காவுக்கு நான்கு மாதம் முன்பு, மலாய், சீன, தமிழ் ரசிகர்கள் எல்லாரும் ஒரே பேய்க்குப் பயந்திருக்கிறார்கள்.

நாயகி மரியா மெனாடோ. இயக்குநர் பி. என். ராவ். இந்தப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1939இல் வந்த 'பிரகலாதா' என்ற தமிழ்ப்படத்தை இயக்கியவர் இவர்தான். டி. ஆர். மகாலிங்கம் பிரகலாதனாகவும் எம்.ஜி.ஆர். இந்திரனாகவும் நடித்த படம். தமிழ் சினிமா வரலாறு ராவை அந்தப் புராணப் படங்களோடு இறக்கிவிடுகிறது. மலாய் சினிமா வரலாறு சிங்கப்பூரிலிருந்து ஏற்றிக்கொள்கிறது. நடுவில் இருக்கும் கப்பல் பயணம் யார் கணக்கிலும் இல்லை. எல். கிருஷ்ணனுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். சென்னையில் பிறந்து சிறுவயதில் மலாயா வந்தவர். 1950இல் 'பக்தி' படத்தில் பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர். 1958இல் 'ஓராங் மின்யாக்' எடுத்தவர். நம்மில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

பொந்தியானாக் ராவுக்கு அந்நியமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். பிடரியில் ஆணி இறங்கினால் பொந்தியானாக் அடங்கிப் பெண்ணாகிவிடுவாள் என்பது மலாய் நம்பிக்கை. தமிழ்நாட்டில் பேய் பிடித்தவளின் முடிக்கற்றையைப் புளியமரத்தில் வைத்துப் பூசாரி ஆணி அடிப்பார். கேரளத்தில் கடமற்றத்துக் கத்தனார் யட்சியின் தலையிலேயே ஆணி இறக்கியதாகக் கதை. மூன்று ஊரிலும் அடங்காத பெண்ணுக்கு ஆண்கள் கண்டுபிடித்த மருந்து ஒன்றுதான்.

ஆனால் ஆயா சொன்ன கதையும் பதிவுகளில் இருக்கும் கதையும் ஒத்துப்போகவில்லை. படத்தின் நாயகி சோமெல் கூன் விழுந்த, அழகற்ற பெண். வளர்த்த கிழவர் எரிக்கச் சொல்லிவிட்டுப்போன ஏடுகளிலிருந்து ஒரு மந்திர மருந்தைக் கண்டெடுத்துக் குடித்து அழகியாகிறாள். ஒரே நிபந்தனை, ரத்தம் ருசிக்கக் கூடாது. கல்யாணம், குழந்தை, நிம்மதி. ஒருநாள் கணவனைப் பாம்பு கடிக்கிறது. அவனைக் காப்பாற்ற விஷத்தை வாயால் உறிஞ்சி எடுக்கிறாள். அந்த ரத்தம் அவளைப் பேயாக்கிவிடுகிறது. இதில் சுமைதாங்கி இல்லை. பிள்ளைத்தாச்சி சாவும் இல்லை. ஆயா வேறு படங்களையும் மலாய்க்காரப் பக்கத்துவீட்டார் சொன்ன கதைகளையும் போட்டுக் குழப்பிக்கொண்டார் என்று முடிவுகட்டினேன்.

அந்த முடிவை அசைத்தது ஓர் இத்தாலியப் படம். பிளாக் சபாத் என்றால் உங்களுக்கு ஓசி ஆஸ்பார்ன் நினைவுக்கு வரலாம். அந்த பர்மிங்ஹாம் இசைக்குழு தன் பெயரை ஒரு சினிமாவிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. மரியோ பாவா 1963இல் எடுத்த 'அச்சத்தின் மூன்று முகங்கள்' என்ற படத்துக்கு அமெரிக்க விநியோகஸ்தர்கள் வைத்த பெயர் அது. மூன்று தனிக்கதைகள் கொண்ட படம். தொலைபேசியில் மிரட்டப்படும் ஒரு பெண். தான் அதிகம் நேசித்தவர்களையே தேடிவந்து ரத்தம் குடிக்கும் வுர்தலாக். பிணத்தின் விரலிலிருந்து மோதிரத்தைத் திருடும் ஒரு தாதி.

அமெரிக்கன் இன்டர்நேஷனல் நிறுவனம் 1964இல் படத்தை வெளியிட்டபோது கதைகளின் வரிசையை மாற்றியது. ரொபெர்தோ நிகோலோசியின் இசையை எடுத்துவிட்டு லெஸ் பாக்ஸ்டரின் இசையைப் போட்டது. முதல் கதையில்தான் பெரிய வெட்டு. மூலத்தில் அவள் பாலியல் தொழில் செய்தவள். சிறையிலிருந்து தப்பிய பழைய தரகன் அவளைத் தேடி வருகிறான். அவளுடைய பழைய காதலி ஒரு பெண். இதெல்லாம் அமெரிக்க ரசிகனுக்கு ஆகாதென்று, ரத்தமும் சதையுமான அந்த ஆளை ஆவியாக மாற்றிவிட்டார்கள்.

மூலப் படத்தின் கடைசிக் காட்சியும் போயிற்று. வுர்தலாக் வேடத்தில் போரிஸ் கார்லோஃப் குதிரையில் பறந்துகொண்டே நமக்கு விடை சொல்வார். கேமரா பின்வாங்கும். குதிரை பொம்மை. பின்னால் ஓடும் மரங்கள், ஆட்கள் கையில் கிளைகளைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுவது. ஆனால் இத்தாலியப் பிரதியில் கார்லோஃபுக்கு வேறொருவர் குரல். அவருடைய சொந்தக் குரல் வேண்டுமென்றால் அமெரிக்கப் பிரதியைத்தான் பார்க்க வேண்டும். இன்று இரண்டும் கிடைக்கின்றன. மார்ட்டின் ஸ்கார்செஸி பாவாவைக் கொண்டாடினார். டாரன்டினோ 'பல்ப் ஃபிக்‌ஷன்' வடிவத்துக்கு இந்தப் படத்தைச் சுட்டிக்காட்டினார். ஒரு படத்துக்கு இரண்டாவது வாழ்க்கை இப்படித்தான் வருகிறது. யாரோ பிரதியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

பொந்தியானாக்குக்கு அந்த வாய்ப்பு இல்லை. கேத்தே-கெரிஸின் பங்காளிகள் ஹோ ஆ லோக்கும் லோக் வான் தோவும் பிரிந்தபோது சில படங்கள் ஹோவின் கைக்கு வந்தன. 'பொந்தியானாக்', அதே ஆண்டு வந்த 'டெண்டாம் பொந்தியானாக்' இரண்டின் சுருள்களையும் அவர் ஒரு பழைய ஈயக்குட்டையில் கொட்டிவிட்டார் என்பது திரைவரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. லோக் வான் தோவின் தகப்பனார் லோக் யூ நம்முடைய பேராக்கில் ஈயம் தோண்டி எழுந்தவர். மூன்றாவதாக 1958இல் வந்த 'சும்பா பொந்தியானாக்' தப்பிப் பிழைத்தது. மகளைக் காக்க வரும் தாயாக அதில் மரியா மெனாடோவைப் பார்க்கலாம். கேத்தே-கெரிஸின் மலாய்ப் படத்தொகுப்பு 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஆயா பார்த்த முதல் படத்துக்கு மிச்சம் விளம்பரங்களும் கதைச்சுருக்கமும் பார்த்தவர்களின் ஞாபகமும்தான்.

ஆயாவின் கருமாதிக்கு வந்த பெரியத்தை ஒருத்தர் போகிறபோக்கில் சொன்னார். ஆயாவுக்கு ஓர் அக்கா இருந்திருக்கிறார். படம் போட்டதற்கு முந்தைய வருஷம், முதல் பிரசவத்தில், வயிற்றில் பிள்ளையோடு லயத்திலேயே செத்துப்போனார். மழை. டிரெசர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரப்பர் மரங்களுக்குப் பின்னால் புதைத்தார்கள். சுமைதாங்கி வைக்க வேண்டும் என்று அவர்களின் அம்மா அழுதிருக்கிறார். தோட்டம் துரையுடையது. எந்த வழியோரத்தில் கல் நடுவது? பிறகு தோட்டத்தைத் துண்டாடி விற்றார்கள். இவர்கள் மூட்டைகட்டிக்கொண்டு குனோங் ராபாட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் ஒரு மனிதனின் கொடுமையைப் பேயின் வேலையாக மாற்றினார்கள். என் ஆயா பேயின் கதைக்குள் ஒரு மனிதக் கொடுமையைச் சேர்த்துவைத்திருந்தார். இரண்டும் வெட்டி ஒட்டியவைதான். ஒன்று வியாபாரத்துக்கு. படம் எப்படி வரவேற்கப்பட்டது என்று எழுதும்போது நாம் வசூலையும் விமர்சனத்தையும் எண்ணுகிறோம். திடலில் சாக்கு விரித்து உட்கார்ந்து, மொழி பாதி புரிந்தும் புரியாமலும் பார்த்த ஒரு பால்மரத் தொழிலாளி அந்தப் படத்தை என்ன செய்தாள் என்பதை எந்தப் பத்திரிகையும் எழுதிவைக்கவில்லை.

உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தால், தோட்டத்தில் என்ன படம் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். கதையைத் தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள். நான் திருத்தினேன். அந்தப் படத்தில் பிள்ளைத்தாச்சியே கிடையாது ஆயா, பாம்புக்கடிதான் என்று படித்த திமிரில் சொன்னேன்.

"நீ பாத்தியாடா?" என்றார்.

அதற்கப்புறம் என்னிடம் அந்தக் கதையை அவர் சொன்னதே இல்லை.