வம்சப் பட்டியல்: உரிமைச் சீட்டா, பெருமைப் பட்டயமா?



யூதர்களின் வேதத்தைப் படிப்போர் சில இடங்களில் சலிப்படைவதுண்டு. இன்னாருக்கு இன்னார் பிறந்தார் எனப் பெயர்கள் பக்கம் பக்கமாகத் தொடரும். ஆதியாகமத்தில் ஆதம் (அலை) முதல் நூஹ் (அலை) வரை பத்துத் தலைமுறைகள் எண்ணப்படுகின்றன. முதலாம் நாளாகமத்தின் தொடக்க ஒன்பது அதிகாரங்களிலும் பெரும்பகுதி பெயர்களே. அம்மக்கள் இவற்றை இவ்வளவு கவனத்துடன் காத்துவந்தது ஏன்?

முதற்காரணம் நிலம். எண்ணாகமத்தின்படி, குலங்களையும் குடும்பங்களையும் கணக்கெடுத்த பின்னரே நிலம் பங்கிடப்பட்டது. பட்டியலில் பெயர் இருந்தால் பங்கு உண்டு. ஆண் வாரிசின்றி இறந்த செலொப்பியாத் என்பவரின் ஐந்து புதல்வியர், தந்தையின் பெயர் அழியலாமா என மூஸா (அலை) அவர்களிடம் முறையிட்டுப் பங்கு பெற்ற செய்தியும் அந்நூலிலேயே உள்ளது.

இரண்டாவது காரணம் நாடிழந்த துயரம். கி.மு. 586இல் பாபிலோனியர் ஜெரூசலத்தை அழித்து மக்களைச் சிறைபிடித்துச் சென்றனர். கி.மு. 538 அளவில் பாரசீக மன்னர் சைரஸின் அனுமதியுடன் ஒரு பகுதியினர் ஊர் திரும்பினர். ஊரும் ஆலயமும் அழிந்த நிலையில், தாம் யார் என்பதற்கு முன்னோர் பெயர்களே சான்றாயின. வம்ச அட்டவணையில் தம் பெயரைக் காட்ட இயலாத சில குருமார் குடும்பங்கள் ஆலயப் பணியிலிருந்து விலக்கப்பட்டதை எஸ்றாவின் நூல் கூறுகிறது. உரிமையைக் காத்த பட்டியலே கதவை அடைக்கவும் பயன்பட்டது.

ஆயினும் அதே வேதத்தில் இதற்கு மறுபக்கமும் உண்டு. மோவாபியர் சபையில் சேரலாகாது என்று ஓரிடத்தில் சட்டம் காணப்படுகிறது. ஆனால் ரூத் என்னும் மோவாபியப் பெண்ணே தாவூத் (அலை) அவர்களின் பூட்டி என்று ரூத்தின் நூல் காட்டுகிறது. அந்நியப் பெண்ணை மறைக்காமல் எழுதிவைத்தது அந்நூலின் சிறப்பாகும்.

இவ்விரு போக்குகளையும் நம் அண்டை மண்ணிலேயே காணலாம். கி.பி. 1000 அளவில் சேர மன்னர் பாஸ்கர ரவி, யூத வணிகத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு 72 உரிமைகளைச் செப்பேட்டில் வழங்கினார். வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அப்பட்டயம், அவருடைய ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள் என்று வழிவழியாக உரிமையை விரிக்கிறது. வந்தோரை வாழவைத்த வம்சப் பட்டியல் அது.

பின்னாளில் கொச்சி மட்டாஞ்சேரியில், 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில் நிலைமை மாறிற்று. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் எனக் கருதப்பட்டவர்களுக்கு உள்ளே சமமாக அமரும் உரிமை மறுக்கப்பட்டது. அவர்களுள் ஒருவரான ஏ. பி. சாலேம் (1882–1967) சென்னையில் பயின்று வழக்கறிஞரானவர். ஆலயத்திற்குள்ளேயே அறவழியில் போராடினார். காலப்போக்கில் அத்தடைகள் தளர்ந்தன. ஒரே இறைவனை வணங்கியோரை ஒரே கூரையின்கீழ்ப் பிரித்தது பாட்டனார் யார் என்ற கேள்வியே.

சமூகங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்பது அல்ஹுஜுராத் அத்தியாயம் தரும் விளக்கம். உறவைப் பேணுமளவுக்கு வம்சத்தை அறிந்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தியதாகத் திர்மிதீயில் பதிவாகியுள்ளது. நூஹ் (அலை) அவர்களின் மகனையோ வம்சம் வெள்ளத்திலிருந்து காப்பாற்றவில்லை.

மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் பிழைப்பிற்காகப் பல ஊர்களிலிருந்து வந்து குடியேறியோர் ஏராளம். திருமணப் பேச்சில் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என வினவுவது இயல்பே. விடுபட்ட சொந்தத்தைத் தேடவும், நலிந்த உறவினருக்கு உதவவும், பெண்மக்களின் சொத்துப் பங்கை மறவாமல் கொடுக்கவும் அவ்வினா பயன்படட்டும். ஒருவரைத் தாழ்த்த அதைப் பயன்படுத்தினால், மட்டாஞ்சேரியில் அடைபட்ட கதவை நாமும் நம் வீட்டில் அடைத்தவர்களாவோம்.