கதீட்டர் முனையின் கதை

மருத்துவ வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன மருந்துகளும் மருத்துவர்களின் பெயர்களுமே. கருவிகளுக்கும் வரலாறு உண்டு; அவற்றுள் சில, காவியத் தலைவர்களைப் போல அடிபட்டு அடிபட்டே வளர்ந்தவை. இதயத் துடிப்பின் தாளப்பிழையைத் திருத்தும் கதீட்டர் அத்தகைய ஒன்று. அதன் கதை, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உலோக முனையின் கதை எனலாம்.

முதலில் தாளத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். இதயத்தின் வலது மேலறையில் உள்ள ஒரு சிறு கணுவில் மின்துடிப்பு பிறக்கிறது. இதனை 1907-இல் கீத், ஃபிளாக் என்னும் இருவர் கண்டறிந்தனர். அத்துடிப்பு, ஜப்பானிய அறிஞர் தவாரா 1906-இல் விளக்கிய இடைக்கணுவை அடைந்து, சற்றே தாமதித்து, 1893-இல் வில்ஹெல்ம் ஹிஸ் விவரித்த கற்றையின் வழியே கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்ல இயற்கை வைத்த வாயில் இது ஒன்றே. சிலருக்கோ பிறவியிலேயே மற்றுமொரு திருட்டு வழி அமைந்துவிடுகிறது. ஒரு வழியாக இறங்கிய மின்சாரம் மற்றொரு வழியாக ஏறிச் செக்குமாடு போலச் சுற்றத் தொடங்கினால், நாடி நிமிடத்திற்கு இருநூறையும் தாண்டும். வோல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் ஆகிய மூவரும் 1930-இல் விவரித்த நோய்க்குறியின் அடிப்படை இதுவே. இளம் வயதினரையும் தாக்கும் இந்நோய், அரிதாக உயிரையும் பறிக்கும்.

இதயத்துக்குள் குழாய் செலுத்தலாம் என்று துணிந்து காட்டியவர் ஜெர்மனியின் எபெர்ஸ்வால்டே நகரில் பயிற்சி மருத்துவராயிருந்த வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929-இல் அவர் தம் கைச்சிரையைத் திறந்து, சிறுநீர் வடிக்கப் பயன்படும் குழாயைச் சுமார் 65 சென்டிமீட்டர் உள்ளே செலுத்திக்கொண்டு, எக்ஸ்-ரே அறைக்கு நடந்து சென்று, குழாயின் நுனி இதயத்தில் இருப்பதைப் படமெடுத்தார். மேலதிகாரிகள் மெச்சவில்லை. 1956-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தபோது, அவர் சிறுநீரியல் மருத்துவராகத் தொழில் நடத்திக்கொண்டிருந்தார்.

திருட்டு வழியை அறுத்துவிட்டால் நோய் தீரும் என்பதை 1968-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வில் சீலி மெய்ப்பித்தார். மார்பைத் திறந்து அவர் சிகிச்சை அளித்தது ஒரு மீனவருக்கு. ஆயின் ஒரு நூலிழையை அறுக்க மார்பையே பிளக்க வேண்டியிருந்தது. மார்பைத் திறவாமல் இதனைச் செய்ய இயலுமா?

விடை விபத்தாக வந்தது. பாரிஸ் நகரில் ஒரு நோயாளியின் ஹிஸ் கற்றையருகே பதிவுக்காகக் கதீட்டர் வைக்கப்பட்டிருந்தது. மிகுந்த துடிப்பை அடக்க வெளியிலிருந்து கொடுத்த மின்னதிர்ச்சி, அக்கதீட்டரின் வழியே உள்ளே பாய்ந்து, மேலறைக்கும் கீழறைக்கும் இடையேயான வாயிலை முற்றாக அடைத்துவிட்டது. 1979-இல் இது மருத்துவ இதழில் பதிவாயிற்று. ஒருவருக்கு நேர்ந்த கேட்டில் மற்றவர்களுக்கான மருந்து ஒளிந்திருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஷைன்மன் குழுவினரும், டியூக்கில் கேலகர் குழுவினரும் வேண்டுமென்றே அதனைச் செய்து 1982-இல் வெளியிட்டனர். ஆனால் அம்முறையில் முனையில் பொறி பறந்தது. வாயுக்குமிழி வெடித்து அழுத்த அலை எழுந்தது. இதயச் சுவர் கிழியும் அபாயம் இருந்தது. நோயாளியை முழுமயக்கத்தில் ஆழ்த்தாமல் செய்ய முடியாது. வாயில் அடைபட்டவர் வாழ்நாள் முழுதும் பேஸ்மேக்கரை நம்பியிருக்க வேண்டும்.

இடிக்குப் பதில் கங்கு போதும் என்ற எண்ணத்திலிருந்தே ரேடியோ அலைவெண் சிகிச்சை பிறந்தது. நொடிக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் முறை திசைமாறும் மின்சாரம் தசைகளைத் துள்ளவைக்காது. முனையைத் தொட்டிருக்கும் திசுவை மட்டும் சூடாக்கும். அறுவை அரங்கில் இத்தகைய மின்சாரம் புதியதன்று. போவி வடிவமைத்த கருவியை ஹார்வி குஷிங் 1926-இலேயே மூளை அறுவையில் பயன்படுத்தியிருந்தார். அதனை இதயத்துக்குள் கொண்டு செல்லும் விலங்குச் சோதனைகள் 1980-களின் நடுவில் நடந்தன. 1987-இல் ஜெர்மனியில் மனிதரிடம் பயன்பட்டது.

இங்கிருந்துதான் முனையின் கதை தொடங்குகிறது. திசு ஏறத்தாழ 50 டிகிரி செல்சியசை எட்டினால் மீளாமல் மடிகிறது. 100 டிகிரியை நெருங்கினால் குருதி கருகி முனையில் ஒட்டுகிறது. அக்கரி மின்சாரத்தைத் தடுப்பதோடு, உதிர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதத்தையும் உண்டாக்கும். இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட குறுகிய வெளியிலேயே வடிவமைப்பாளர் உழைக்க வேண்டியிருந்தது. முதலில் முனை இரண்டு மில்லிமீட்டராக இருந்தது, தழும்பு ஆழமாகவில்லை. அதனை நான்காக்கி, விரும்பிய திசையில் வளையுமாறு செய்தனர். 1991-இல் ஓக்லஹோமாவின் ஜாக்மன் குழுவினர் 166 நோயாளிகளில் 164 பேருக்குத் திருட்டு வழியை அடைத்ததாக அறிவித்தனர். மார்பைத் திறக்கும் அறுவை இந்நோய்க்கு ஏறக்குறைய வழக்கொழிந்தது.

இன்னும் ஆழம் வேண்டியபோது முனை எட்டு மில்லிமீட்டராயிற்று. பின்னர் முனையிலேயே நுண்துளைகள் இட்டு உப்புநீரைக் கசியவிட்டனர். மேல் குளிர்ந்திருக்க, உள்ளே வெப்பம் ஆழமாகச் சென்றது. அதற்கும் ஒரு விலை இருந்தது. முனை குளிர்ந்திருந்ததால் உள்ளே நடப்பது மறைந்தது. திசுவுக்குள் நீராவி திரண்டு வெடிப்பதும் உண்டு. ஆறு துளைகளாக இருந்தது பின்வந்த ஒரு வடிவத்தில் 56 ஆனது. குறைந்த நீரில் சீரான குளிர்ச்சி கிட்டியது.

1998-இல் போர்தோ நகரின் ஐஸாகேர், மேலறைக் குறுநடுக்கத்தின் தூண்டுதல்கள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளில் பிறப்பதைக் காட்டியதும் பணி பெருகியது. ஒரு புள்ளியைச் சுட்ட கருவி, இப்போது சிரை வாயைச் சுற்றிலும் இடைவெளியின்றிக் கோடு கிழிக்க வேண்டியதாயிற்று. முனை சுவரில் எவ்வளவு அழுந்துகிறது என்பது அதுவரை மருத்துவரின் கையுணர்வுக்கே விடப்பட்டிருந்தது. ஒளியிழையையோ நுண்சுருளையோ கொண்டு அழுத்தத்தைக் கிராம் கணக்கில் காட்டும் கதீட்டர்கள் அடுத்து வந்தன. 2012-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், சராசரியாகப் பத்து கிராமுக்கும் குறைவான அழுத்தத்தில் சிகிச்சை பெற்றவர் அனைவருக்கும் நோய் திரும்பியது.

இடது மேலறையின் பின்சுவரை ஒட்டி உணவுக்குழாய் கிடக்கிறது. வெப்பம் அதனையும் துளைத்து உயிரிழப்பு நேர்ந்ததை 2004-இல் வெளியான அறிக்கைகள் உலகுக்கு உணர்த்தின. வெப்பமில்லாமல் திசுவை மடிக்க வழி தேடியவர்கள், நுண்நொடி அளவில் உயர் மின்னழுத்தத் துடிப்புகளைச் செலுத்தி உயிரணுவின் சவ்வில் துளையிடும் முறைக்கு வந்தனர். இதயத் தசை எளிதில் மடிய, உணவுக்குழாயும் நரம்பும் பெரும்பாலும் தப்புகின்றன. 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அமெரிக்கா இவ்வகைக் கருவிகளை ஏற்றது. இதயத் தமனி சுருங்குதல், சிவப்பணுக்கள் சிதைதல் என இதற்கும் உரிய தீங்குகள் இப்போது பதிவாகி வருகின்றன.

ஒவ்வொரு முனையும் முந்தைய முனை செய்த காயத்துக்கு எழுதப்பட்ட மறுமொழி என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம். பாரிஸில் தவறிப் பாய்ந்த உயர் மின்னழுத்தத்தை விட்டு விலகி வெப்பத்தை நாடிய மருத்துவம், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சுற்றிவந்து, உயர் மின்னழுத்தத்தையே பழக்கி எடுத்திருக்கிறது. மருத்துவ இதழ்களில் மருத்துவரின் பெயர் இருக்கும். நோயாளியின் பெயர் இருப்பதில்லை. அந்தக் காயங்களை ஏற்ற உடல்கள் அப்பெயரற்றவர்களுடையவை. கருவியைப் போற்றும்போது அவர்களையும் சேர்த்தே நினைப்பதுதான் முறை.