ஊடல் முற்றாமல் காத்தவர்கள்

சினத்தையும் ஊடலையும் திருவள்ளுவர் ஒரே இடத்தில் வைக்கவில்லை. வெகுளாமை அறத்துப்பாலில் 31ஆம் அதிகாரம். அங்கே சினம் விலக்க வேண்டிய குற்றம். புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை மூன்றும் காமத்துப்பாலின் கடைசி அதிகாரங்கள். 1330 குறளும் ஊடலின் இன்பத்தில்தான் வந்து முடிகின்றன. சினம் எதிராளியைச் சுட்டுவிடப் பார்க்கும். ஊடல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர் வந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்று காத்திருக்கும்.

அந்த ஊடலிலும் அளவு உண்டு. புலவியும் துனியும் சேர்ந்து வரும் குறளில், புலவி இளம் பிணக்கு, துனி முற்றிய பிணக்கு என்று பரிமேலழகர் பிரித்துக் காட்டுகிறார். உரை எதுவும் படிக்காத என் பாட்டிக்கும் இந்தக் கணக்கு தெரியும். "அவளுக்குக் கோவம் இல்லடி, சும்மா முறுக்கிக்கிட்டு இருக்கா, நீ போய்ப் பேசு" என்று அனுப்பிவைப்பார். "இப்ப போகாத, நல்லா மனசு விட்டுப்போயிருக்கா" என்று தடுத்த நாளும் உண்டு.

அளவு தெரிய வேண்டியது இப்படி நடுவில் நிற்பவர்களுக்குத்தான். அவர்களைத் தொல்காப்பியம் வாயில்கள் என்கிறது. தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் என்று கற்பியலில் பன்னிரண்டு பேர். இதில் விருந்தினரைச் சேர்த்தது எத்தனை நுட்பம்! நற்றிணை 120ஆம் பாடலில், ஊடியிருக்கும் மனைவி அடுக்களையில் வாளை மீனை நறுக்கிச் சமைக்கிறாள். புகையில் கண் கலங்குகிறது. நெற்றி வேர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொள்கிறாள். விருந்தாளி யாராவது வந்தால் தேவலை, இவள் சிரித்த முகத்தைப் பார்க்கலாமே என்று கணவன் ஏங்குகிறான்.

இந்த மரபில் எனக்கு வருத்தமும் உண்டு. மருதத்திணையில் பெரும்பாலும் தவறு செய்தவன் பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் கணவன். சமாதானம் சொல்ல வந்தவர்கள் இறங்கிவரச் சொன்னது மனைவியை. அவள் கையில் இருந்தது சாத்திய கதவு ஒன்றுதான். ஆனால் அந்தக் கதவை யாரும் அலட்சியம் செய்யவில்லை. சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியை மணந்ததால் ஊடிய மனைவி பரவையிடம், திருவாரூர்த் தெருவில் நள்ளிரவில் சிவபெருமானே இருமுறை தூது நடந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. முதல் முறை அவள் மறுத்துவிட்டாள். கடவுளுக்கும் இரண்டு நடை வேண்டியிருந்தது.

ஏட்டில் இருந்த இந்த வழக்கம் கோயில்களில் இன்றும் நடக்கிறது. நான் திருவண்ணாமலைக்காரி. மாட்டுப் பொங்கல் மாலையில் எங்கள் ஊர்த் திருவூடல் தெருவில், பிருங்கி முனிவரை முன்னிட்டு அண்ணாமலையாருக்கும் அம்மனுக்கும் பிணக்கு. அம்மன் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சுவாமி அன்றிரவு குமரக்கோயிலில் தங்கி, மறுநாள் கிரிவலம் முடித்த பிறகுதான் மறுவூடல். திருவரங்கத்தில் பங்குனியில் உறையூர்க் கமலவல்லி நாச்சியாரிடம் போய்த் திரும்பும் நம்பெருமாளை, தாயார் கதவடைத்து வெளியே நிறுத்துகிறார். அங்கே சமாதானம் பேசுபவர் நம்மாழ்வார். பிறகு பங்குனி உத்திரத்தில் இருவரும் சேர்த்தி சேவை தருகிறார்கள்.

இரண்டு ஊர்களிலும் ஊடல் தீரும்வரை ஊரே நின்று பார்க்கிறது. எந்தப் பிணக்கும் இரண்டு பேரின் தலையில் மட்டும் விழுந்துவிடக் கூடாது என்பதை நம்மவர்கள் அறிந்திருந்தார்கள். இன்று பல வீடுகளில் கணவனும் மனைவியும் மட்டுமே இருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரும் பக்கத்தில் இல்லை. புலவியையும் துனியையும் 'கோபம்' என்ற ஒரே பேரில் அடைத்துவிடுகிறோம். நம் வீட்டில் யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டால், அது எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்வோம். புலவியாக இருக்கும்போதே போய்ப் பேசிவிட்டால், துனிவரை போக வேண்டியதில்லை.