இரவுக்குத் தள்ளப்பட்ட வண்டிகள்

பகல் நேரத்தில் சரக்கு லாரிகள் நகருக்குள் வரக் கூடாது என்ற விதி மோட்டார் காலத்தில் பிறந்ததல்ல. தென் இத்தாலியில் ஹெராக்ளியா என்ற பழைய ஊரின் அருகே 1732-இல் கிடைத்த வெண்கலப் பட்டயத்தில் அது அப்படியே இருக்கிறது. கி.மு. 45-ஐ ஒட்டி ஜூலியஸ் சீசர் இயற்றியதாகச் சொல்லப்படும் சட்டம் அது. அவருடையதுதானா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமனப்படவில்லை. சூரியன் உதித்ததிலிருந்து பகலின் பத்தாம் மணிவரை, ஏறத்தாழப் பிற்பகல் நான்கு மணிவரை, ரோம் நகருக்குள் சரக்கு வண்டி ஓட்டக் கூடாது என்கிறது அது. தெருவை மக்களுக்கு மீட்டுத் தந்த சட்டம் என்று இதைப் புகழலாம், மீட்டதும் உண்மைதான். ஆனால் சரக்குப் போக்குவரத்தின் சுமை அதனால் குறையவில்லை. சுமப்பவர்கள்தான் மாறினார்கள்.

சட்டத்தின் விலக்குகளைப் படித்தால் இது விளங்கும். கோயில் கட்டவும் அரசு வேலைகளுக்கும் பகலில் வண்டி போகலாம். வெஸ்டா தேவியின் கன்னிப் பூசாரிகள் சடங்கு நாட்களில் வண்டியில் போகலாம். வெற்றி ஊர்வலத்துக்கும் தடை இல்லை. இரவில் வந்த வண்டி பகலில் காலியாகவோ கழிவை ஏற்றிக்கொண்டோ வெளியேறலாம் (கெட்டிக்கார ஏற்பாடு, ஒப்புக்கொள்ள வேண்டும்). ஆகப் பகல் தெய்வத்துக்கும் அரசுக்கும். எண்ணெயும் திராட்சை ரசமும் விற்கிற வணிகனுக்கு இரவு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஜுவனலின் அங்கதக் கவிதையில் இரண்டின் விளைவும் தெரிகிறது. பகலில் நெடிய மரங்களும் பளிங்குப் பாறைகளும் ஏற்றிய வண்டிகள் கூட்டத்தின் நடுவே தள்ளாடுகின்றன. பெரும்பாலும் விலக்குப் பெற்ற கட்டுமானச் சரக்காக இருக்கலாம். இரவில் குறுகிய திருப்பங்களில் மாட்டிக்கொண்ட வண்டிகளின் இரைச்சலால் வாடகைக் குடியிருப்புகளில் யாரும் தூங்க முடியவில்லை. பணக்காரனுக்கு மட்டுமே உறக்கம் வாய்க்கிறது.

அங்கதக் கவிஞர் மிகைப்படுத்துவார் என்று மறுக்கலாம். மிகைதான். ஆனால் அவருக்குச் சற்று முந்திய கவிஞர் மார்ஷியலும், ரோமின் சுபூரா மேட்டில் கோவேறு கழுதைகள் பளிங்கை இழுத்துப்போவதையும், இரவில் ரொட்டிக்காரர்கள் தூக்கத்தைக் கெடுப்பதையும் எழுதியிருக்கிறார். இருவருமே ஒன்றுமில்லாததைப் புனைந்தார்கள் என்பது நம்பத் தக்கதல்ல. அவ்வளவு பெரிய நகருக்குச் சோறு போட இரவை விட்டால் வேறு வழி ஏது என்பது வலுவான கேள்வி. தெருக்கள் குறுகல், பகலில் நடப்பவரும் வண்டியும் ஒரே தெருவில் போவது ஆகாத காரியம். தடை வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் தடை சக்கரத்துக்குத்தான், தோளுக்கு அல்ல. டைபர் ஆற்றங்கரைக் கிடங்குகளிலிருந்து பகல் முழுக்க மூட்டை தூக்கிய சுமையாட்களின் மலிவான உழைப்பு இல்லாமல் இந்த ஏற்பாடு ஒரு நாள்கூட நடந்திருக்காது. முசிறியில் கப்பலேறிய நம் சேர நாட்டு மிளகும் இதற்கு உட்பட்டதுதான். பேரரசர் டொமிஷியன் ரோமின் நடுவே மிளகுக்கென்றே கிடங்கு கட்டினார். பகலில் அதன் வாசலுக்கு மூட்டை போயிருந்தால் யாரோ ஒருவரின் தோளிலோ கழுதையின் முதுகிலோதான் போயிருக்க வேண்டும். சட்டம் தூக்கத்தையும் தோளையும் கணக்கில் எடுக்கவில்லை, சிக்கலும் தீரவில்லை. சீசருக்குச் சுமார் நூற்றெழுபது ஆண்டுக்குப் பின் ஆண்ட ஹேட்ரியன், பெருஞ்சுமை ஏற்றிய வண்டிகள் ரோமுக்குள் நுழையவே கூடாது என்று தடுத்ததாக அவருடைய பழைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது.