பைத்தானில் அளபுரு ஏற்கும் டெக்கரேட்டர்

டெக்கரேட்டர் என்பது பைத்தான் நிரல்மொழியில் ஒரு செயற்கூற்றைப் பெற்று, அதனிடத்தில் வைக்க வேறொன்றைத் திருப்பித் தரும் செயற்கூறு ஆகும். 2004 நவம்பரில் வெளியான பைத்தான் 2.4 பதிப்பில் '@' குறி அறிமுகமானபோதே, அதற்கு அளபுருக்கள் தரும் வசதியும் உடன் வந்தது.

இதன் தேவை வகுப்புகளில்தான் எழுந்தது. 2001 இறுதியில் வந்த 2.2 பதிப்பு ஸ்டாட்டிக்மெத்தட், கிளாஸ்மெத்தட் ஆகியவற்றைத் தந்தது. ஆனால் வழிமுறையை எழுதி முடித்த பிறகு, கீழே அதன் பெயரை மேலும் இருமுறை எழுதி மாற்ற வேண்டியிருந்தது. அது எவ்வகை வழிமுறை என்பது படிப்பவருக்குக் கடைசி வரியில்தான் தெரியும். இதைத் தீர்க்க 2003 ஜூனில் பெப் 318 முன்மொழிவு தொடங்கப்பட்டது. குறியீட்டைப் பற்றிய நெடிய விவாதத்துக்குப் பின், மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் '@' குறியை ஏற்றார்.

அளபுரு தரும்போது நடப்பது இரட்டை அழைப்பு. '@மீள்முயற்சி(3)' என்று எழுதினால் முதலில் மீள்முயற்சி(3) இயங்கும். அது திருப்பித் தருவதே உண்மையான டெக்கரேட்டர். ஆகவே ஒன்றனுள் ஒன்றாக மூன்று செயற்கூறுகள் தேவைப்படுகின்றன. இல்லையேல் ஒரு வகுப்பை எழுதி, அளபுருவை அதன் ஆக்கியில் சேமிக்கலாம். படிப்பதற்கு இதுவே எளிது. வழிமுறைகளில் இன்னொரு நுட்பம் உண்டு: வகுப்பு வரையறுக்கப்படும்போதே அளபுரு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. அப்போது பொருள் எதுவும் பிறந்திருக்காது. எனவே செல்ஃப் வழியாக மதிப்பை எடுத்துத் தர இயலாது.

அடைப்புக்குறியை மறந்தால் 3 இருக்க வேண்டிய இடத்தில் செயற்கூறே போய் அமரும். வரையறையில் பிழை தோன்றாமல், பின்னர் அழைக்கும்போதுதான் சிக்கல் தெரியவரும். 2011இல் 3.2 பதிப்பில் வந்த எல்ஆர்யூ_கேஷுக்கும் அடைப்புக்குறி கட்டாயமாக இருந்தது; 2019இல் 3.8 பதிப்பு அதைத் தளர்த்தியது.

'@' குறிக்குப் பின் எந்தக் கோவையையும் எழுத வான் ராசம் அனுமதிக்கவில்லை. உள்ளுணர்வைத் தவிர இதற்குப் பெரிய காரணம் பெப் 318இல் இல்லை. ஆயினும் அடைப்புக்குறிக்குள் எதையும் எழுதலாம் என்பதால், பெற்றதை அப்படியே திருப்பித் தரும் ஒரு செயற்கூற்றுக்கு அளபுருவாகக் கொடுத்து விதியைச் சுற்றிச் செல்ல முடிந்தது. பிராண்ட் புச்சரின் பெப் 614 இந்த வித்தையையும் எடுத்துக்காட்டியது. அதன்படி 2020 அக்டோபரில் வெளியான 3.9 பதிப்பில் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது.